துறைச் செய்தியில் வராத செய்தி

நான் படித்த கல்லூரியின் வேதியியல் துறை வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் நாலு படம் வந்து விழுந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்ற குரூப் போட்டோ. சிறப்புரையின் தலைப்பு நானோ என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. (நானோ இல்லாமல் கெமிஸ்ட்ரியில் இப்போது சிறப்புரையே கிடையாது போல.) போடட்டும். ஒருவருக்கு விருது, ஒரு பெண்ணுக்கு ரேங்க், யாரோ வைவா முடித்து டாக்டர் ஆகிவிட்டார், எல்லாம் சந்தோஷமான சங்கதிதான். ஆனால் இத்தனை வருடத்தில் லேபில் எது வெடித்தது, யார் கை வெந்தது என்று ஒரே ஒரு வரி அந்தக் குழுவில் நான் பார்த்ததில்லை.

நடக்காமலா இருக்கிறது? நான் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படித்தபோது ஆர்கானிக் அனாலிசிஸ் பிராக்டிகல். கொடுத்த பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கிற லாசைன் டெஸ்ட் செய்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பதால் மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தில் மிளகளவு வெட்டி, வடிதாளில் ஒற்றி, ஃப்யூஷன் டியூப் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கொடுத்த சாம்பிளையும் சேர்த்து, அடி சிவக்கிற வரை காய்ச்சி, சுடச்சுடப் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். டியூப் படீரென்று உடையும், உடையத்தான் வேண்டும். என் பக்கத்து மேஜைத் தோழி மிளகுக்குப் பதிலாகச் சுண்டைக்காய் அளவுக்குப் போட்டுவிட்டாள், பாதிச் சோடியம் எரியாமலே தண்ணீருக்குள் போனது. ஒரு சத்தம், ஒரு மஞ்சள் தீ, அப்புறம் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிச் சில்லு புருவத்துக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் கண்.

பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். பீரோவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். சாவி வைத்திருந்தவர் அன்றைக்கு லீவு. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காய்ந்துபோன களிம்பு ஒரு டியூபும் பாதிச் சுருள் பஞ்சும். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் இரண்டு தையல் போட்டுக் கூட்டிவந்தோம். மறுநாள் வகுப்பில் சார் சொன்னது இவ்வளவுதான்: "இதை வெளியில பேசிக்கிட்டு இருக்காதீங்கப்பா, டிபார்ட்மென்ட் பேரு கெட்டுடும்." நாங்களும் பேசவில்லை. அடுத்த வருடம் ஜூனியர் பையன் ஒருவனுக்கு அதே மேஜையில் அதே மாதிரி டியூப் வெடித்தது. அவன் நல்ல நேரம், சட்டையோடு போயிற்று.

கேரன் வெட்டர்ஹான் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்களா தெரியவில்லை. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, கன உலோகங்களின் நச்சுத்தன்மைதான் அவருடைய ஆராய்ச்சியே. 1996 ஆகஸ்டில், நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தை எடுத்திருக்கிறார். ஒன்றிரண்டு சொட்டு கையுறைமேல் பட்டது. அன்றைய வழக்கப்படி அவர் செய்ததில் குறையே கிடையாது. ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடி, பேச்சு குழறியபோது ரத்தத்தைச் சோதித்தால், பாதரசம் நச்சு வரம்பைப் போல 80 மடங்கு. அப்புறம் அந்த லேடெக்ஸ் கையுறையைப் பரிசோதித்துப் பார்த்தார்கள்: 15 நொடிக்குள் அந்தத் திரவம் ஊடுருவிவிடுகிறது.

இதில் எனக்கு மறக்காதது அவருடைய சகாக்கள் செய்த காரியம். அவர் கோமாவில் கிடந்தபோதே, 1997 மே மாதம், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வார இதழுக்குக் கடிதம் எழுதி அச்சில் வரவைத்தார்கள். எங்கள் இடத்தில் இப்படி நடந்துவிட்டது, இந்தக் கையுறையை நம்பாதீர்கள், முடிந்தால் இந்தப் பொருளையே தொடாதீர்கள் என்று. ஜூன் 8-ஆம் தேதி அவர் இறந்துபோனார், 48 வயது. கல்லூரி பேர் கெட்டுடும் என்று அங்கேயும் ஒரு சார் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கையுறையை எத்தனை பேர் மாட்டியிருப்பார்களோ.

அமெரிக்கா என்றால் எல்லாம் ஒழுங்கு என்றும் நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் யுசிஎல்ஏ பல்கலைக்கழக லேபில் 2008 டிசம்பர் 29 அன்று ஷெரி சாங்ஜி என்ற 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் இழுக்கும்போது பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. லேப் கோட் இல்லை, மேலே ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்தாள். லேப் கோட் போடுவதில்லை என்று அக்டோபர் மாத ஆய்விலேயே எழுதி வைத்திருந்தார்கள், சரிசெய்வதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

"அட்மிஷன் குறையும் சார், பெத்தவங்க பயந்துடுவாங்க" என்பார்கள். பயப்படட்டுமே. பயந்த அப்பா கண்ணாடி எங்கே என்று கேட்பார், பீரோ சாவி வெளியே வரும்.

சரி, ஊருக்கு உபதேசம் போதும். இப்போது நானும் ஒரு வேதியியல் துறையில்தான் வாத்தியார். போன திங்கள் என் கையில் கன்ஸென்ட்ரேட்டட் நைட்ரிக் ஆசிட் தெறித்து மூன்று விரல் மஞ்சளாகிவிட்டது. கையுறை போடாதது என் தப்பு, அவசரம். அதை அப்படியே அரைத் தாளில் எழுதி, தேதி போட்டு, துறை நோட்டீஸ் போர்டில் பொன்னாடைப் படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். மதியத்துக்குள் பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எச்.ஓ.டி. ரூமுக்கு வரச்சொல்லியிருக்கிறார். விரல் மஞ்சள் இன்னும் போகவில்லை, கேட்டால் காட்டலாம்.