எண்பது வயதில் முளைக்கும் மனச்சிதைவு
அமெரிக்க முதியோர் இல்லங்களில் முதியவர்களை மனநோய் மருந்து கொடுத்து அடக்கிவைக்கச் சட்டம் விடாது என்று நான் படித்த ஒரு கட்டுரை நிம்மதி அடைகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது, தண்டனைக்காகவும் ஊழியர் வசதிக்காகவும் கொடுப்பதைத்தான். சிகிச்சை என்று எழுதிவிட்டால் யார் கேட்பது? மறதிநோய் முதியவர்களுக்கு இம்மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-இலேயே எச்சரித்தது. ஆனால் இல்லங்களில் எத்தனை பேருக்கு இம்மருந்து தரப்படுகிறது என்று அரசு பார்க்கும் கணக்கில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. உடனே, அந்தக் கணக்கிலிருந்து தப்ப, எண்பது வயதுக்காரர்களுக்கெல்லாம் மனச்சிதைவு முளைத்தது! பெரும்பாலும் இளம்வயதில் தொடங்கும் நோய் ஐயா அது. இந்தத் தில்லுமுல்லைத் தோண்ட 2023-இல்தான் அரசு தணிக்கையை அறிவித்தது. அந்தி சாய்ந்ததும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டும் பாட்டியோடு பத்து நிமிடம் உலவ ஓர் ஆளைப் போட்டால் பல மாத்திரைகள் மிச்சமாகும். ஆள்பற்றாக்குறையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?