‘இன் போக்கா அல் லூபோ’: தாய் ஓநாய்க் கதை பற்றி

பரீட்சைக்குப் போகிறவரிடம் இத்தாலியர்கள் வாழ்த்தாகச் சொல்லும் ‘இன் போக்கா அல் லூபோ’ (சொல்லுக்குச் சொல், ‘ஓநாயின் வாய்க்குள்’), தாய் ஓநாய் தன் குட்டியை வாயில் கவ்விப் பத்திரமாகத் தூக்கிப் போவதிலிருந்து வந்தது, ஆகவே அதற்கு வழக்கமாகச் சொல்லும் ‘க்ரேபி’ (சாகட்டும்) என்ற பதில் தவறு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனதைத் தொடும் விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் சொற்றொடர் பிறந்த கதை அதுவல்ல.

இத்தாலிய மொழியில் ‘ஓநாயின் வாய்’ என்றாலே ஆபத்து. ஒருவர் ஓநாயின் வாய்க்குள் போனார் என்றால், வலியப் போய் எதிரியிடம் சிக்கினார் என்று பொருள். நம் பாம்பின் வாய்த் தேரை மாதிரி. வேட்டைக்காரர்களிடம் கெட்டதையே வாழ்த்தாகச் சொல்லி, அதனாலேயே கெட்டது விலகும் என்று நம்பினார்கள். கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோமே, அந்த மனசுதான். ‘க்ரேபி’ என்றால் ‘அது சாகட்டும்’, அதாவது அந்த ஓநாய். விலங்குகள்மீதுள்ள அன்பால் இன்று பலர் ‘விவா இல் லூபோ’, ஓநாய் வாழ்க, என்கிறார்கள். அதுவும் சரியே, ஆனால் பிந்திய வழக்கம்.

சந்தேகமிருந்தால் த்ரெக்கானி என்ற இத்தாலிய அகராதியை இணையத்தில் இலவசமாகத் திறந்து ‘லூபோ’ (lupo, ஓநாய்) என்ற சொல்லைப் பாருங்கள். இந்த வாழ்த்தும் ‘க்ரேபி’ என்ற பதிலும் அங்கேயே இருக்கின்றன. 1583இல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய க்ருஸ்கா மொழிக்கழகமும் தன் தளத்தில் இதை விளக்கியிருக்கிறது.