தனி கார்டு இல்லாதவருக்கு இலை கிடையாதா?

ஆஸ்கர்காரர்கள் செய்திருந்தால் விட்டுவிடுவேன். அது ஸ்டுடியோ முதலாளிகள் ஆரம்பித்து வைத்த கடை, அப்படித்தான் இருக்கும். கோல்டன் குளோப் செய்திருந்தால் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். ஆனால் நடிகர் சங்கம், நடிகர்களே ஓட்டுப் போட்டு, சக கலைஞர்களுக்கே கொடுக்கிற விருதில் சின்ன வேடக்காரரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அமெரிக்க நடிகர் சங்கமான ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட் கொடுக்கும் விருதைத்தான் சொல்கிறேன். 1995இல் ஆரம்பித்தது. 2026இலிருந்து ‘ஆக்டர் அவார்ட்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். முப்பது வருடம் புழங்கிய பெயரை மாற்ற முடிகிறது, விதிமுறையில் ஒரு வரியை மாற்ற முடியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து இதைப் பார்க்கிற ஆள் நான். காரணம் அந்த ஆரம்பம்தான். விருந்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் நடிகர்கள் சிலர் கேமராவைப் பார்த்து, தான் பட்ட பாட்டையோ பட்ட அவமானத்தையோ ஒரு குட்டிக் கதையாகச் சொல்லி, கடைசியில் பெயரைச் சொல்லி “நான் ஒரு நடிகர்” என்று முடிப்பார்கள். அதைக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். அப்புறம் விருதுகளை அறிவிக்க ஆரம்பிப்பார்கள், எனக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும்.

தொலைக்காட்சிப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்கு முதல் வருடத்திலிருந்தே துணை நடிகர், துணை நடிகை விருது தனியாக உண்டு. தொலைக்காட்சிக்கு? கிடையாது. இன்றுவரை கிடையாது. தொடர் முழுக்கத் தோளில் சுமக்கிற நாயகியும், நடுநடுவே வந்து போகிறவரும் ஒரே பட்டியலில் முட்டிக்கொள்ள வேண்டும். 2023இல் நாடகத் தொடர் நடிகைகள் பட்டியலில் ‘ஓசார்க்’ தொடரின் நாயகி லாரா லின்னியும் இருந்தார், அதே தொடரின் ஜூலியா கார்னரும் இருந்தார். கார்னர் அந்த வேடத்துக்கு மூன்று எம்மி (அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி விருது) வாங்கியவர், மூன்றும் துணை நடிகைக்கான எம்மி. இங்கே வந்தால் இருவரும் எதிரெதிர். கடைசியில் ஜெயித்தது ‘த ஒயிட் லோட்டஸ்’ ஜெனிஃபர் கூலிட்ஜ். எம்மியில் அவருக்கும் துணை நடிகைக் கணக்குதான்.

“பார்த்தாயா, துணை வேடக்காரர்தானே ஜெயித்திருக்கிறார், பிறகு என்ன புலம்பல்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நன்றாகக் கேட்டார். 2020இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பீட்டர் டிங்க்லேஜும் இதே மாதிரிதான் ஜெயித்தார். கூலிட்ஜும் டிங்க்லேஜும் யார்? உலகத்துக்கே தெரிந்த முகங்கள். பொதுப் பந்தியில் அவர்களுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். பத்து எபிசோடில் நாலு காட்சி வந்து, அந்த நாலிலும் நம்மை உலுக்கிவிட்டுப் போன, பெயர் தெரியாத ஒருவருக்கு இந்தப் பட்டியலில் ஐந்தில் ஓர் இடம் கிடைக்குமா? துணைப் பிரிவு என்று ஒன்று இருந்தால்தானே அவர் பெயரைச் சொல்லவே வாய்ப்பு வரும்!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தக் ‘குழு’ விருது. மேடையின் பெரிய விருதே அதுதான். சிறந்த படம் என்று இவர்கள் கொடுப்பதில்லை. ஒரு படத்தின் மொத்த நடிகர் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு விருது. கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது! 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வாங்கியபோதும், 2020இல் ‘பாரசைட்’ வாங்கியபோதும் நானும் கைதட்டியவன்தான். சரி, கூட்டம் என்றால் யார் யார்? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். படத்தின் டைட்டிலில் யாருக்குத் தனி கார்டு போடுகிறார்களோ, அதாவது யார் பெயர் மட்டும் திரையில் தனியாக வருகிறதோ, அவர்கள் மட்டும்தான் கூட்டம். நான்கு பெயரோடு சேர்ந்து ஒரே கார்டில் வந்தால் நீங்கள் கூட்டத்திலேயே சேர்த்தியில்லை. தனி கார்டு நடிப்புக்காகக் கிடைப்பதா? ஒப்பந்தம் போடும்போது ஏஜென்ட் பேசி வாங்குவது!

2024இல் ‘ஓப்பன்ஹைமர்’ குழு விருது வாங்கியது. பட்டியலில் ஒன்பதே பெயர். அதில் கேசி அஃப்ளெக் இருந்தார். படத்தில் அவர் வருவது கிட்டத்தட்ட ஒரே ஒரு விசாரணைக் காட்சி. நன்றாகத்தான் செய்தார், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் படம் முழுக்க ஓப்பன்ஹைமரைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டாரே ஒரு வக்கீல், ஜேசன் கிளார்க், அவர் பெயர் இல்லை. விஞ்ஞானி எட்வர்ட் டெல்லராக வந்த பென்னி சாஃப்டி பெயர் இல்லை. ரயிலில் ஆரஞ்சுப் பழத்தை நீட்டிச் சாப்பிடச் சொல்லுவாரே நண்பர் ராபி, டேவிட் க்ரம்ஹோல்ட்ஸ், அவர் பெயரும் இல்லை. படம் பார்த்து முடித்து வெளியே வந்தபோது என் மனதில் நின்றது அந்தப் பழம்தான். குழுவுக்கு விருது கொடுத்துவிட்டு, குழுவில் பாதியை வாசலில் நிறுத்தினால் அது என்ன கணக்கு?

அந்த வருடம் இது கூடுதலாக உறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜூலையில்தான் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. மொத்தம் 118 நாள். லண்டனில் இதே படத்தின் பிரீமியரை விட்டு, படம் ஓட ஆரம்பிக்கும் முன்பே நடிகர்கள் கிளம்பிப் போனார்கள். அப்போது தெருவில் பதாகை பிடித்து நின்றவர்கள் யார்? பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். வருடத்துக்கு 26,470 டாலர் நடித்துச் சம்பாதித்தால்தான் மருத்துவக் காப்பீடு என்று அன்றைக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான உறுப்பினர்கள் அந்தத் தொகையைத் தொடுவதே இல்லை என்று அவர்களே ஊரெல்லாம் சொன்னார்கள். போராட்டத்துக்கு அவர்கள் வேண்டும், விருது மேடைக்குத் தனி கார்டு வேண்டும். (விருதுச் சிலையின் பெயரே ‘ஆக்டர்’தான். இரண்டு முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் நிற்கும். காப்பீடு இல்லாத உறுப்பினரைப் பார்த்து வார்த்தார்களோ என்னவோ.)

சண்டைக் கலைஞர்கள் கதை இன்னும் கொடுமை. 2008இலேயே அவர்களுக்குக் குழு விருது கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதற்கு ஒரு கும்பிடு. 2027இல் வெளியாகும் படங்களுக்குத்தான் ஆஸ்கர் சண்டை வடிவமைப்புக்கு என்று ஒரு விருதைத் தொடங்கப்போகிறது. ஆனால் வழக்கமாக அந்த விருதை எப்போது அறிவிப்பார்கள் தெரியுமா? நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன்னால், சிவப்புக் கம்பளத்தில் யார் என்ன உடை என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில். மாடியிலிருந்து குதித்தவருக்கு அரங்க மேடை ஏறக் கொடுத்துவைக்கவில்லை.

இதில் ஓட்டுப் போடுவது யார் என்று பாருங்கள். முதல்கட்டப் பட்டியலுக்கு உறுப்பினர்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் மாதிரி எடுக்கிறார்கள். இறுதி ஓட்டு 1,20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு. அதில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் தனி கார்டே பார்க்கப்போவதில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இத்தனை பேர் கையில் ஓட்டை வைத்துக்கொண்டு, “எங்கள் பெயரையும் சேர்” என்று சங்கத்தை ஒரு உலுக்கு உலுக்கக் கூடாதா?

அடுத்த வருடமும் திங்கள்கிழமை ஆறரைக்கு எழுந்து உட்காரத்தான் போகிறேன், அது வேறு கதை. யாராவது ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, பிணமாக நடித்த முதல் நாளைப் பற்றிச் சொல்லி “நான் ஒரு நடிகர்” என்பார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு அவர் பெயர் எந்தக் கார்டில் எத்தனையாவதாக வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.