ப்ரீலோடை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகுமா?

மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்குப் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) புது ஸ்பிரிங் போட்டபின் ப்ரீலோடை, அதாவது எடை ஏறுமுன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவை, இறுக்கினால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும் என்று தம்பி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிப்பும் சுருளின் அகலமும் எண்ணிக்கையும்தான். ப்ரீலோட் மாற்றுவது வண்டியின் முன்பக்க உயரத்தை மட்டுமே. முன்பக்கம் உயர்ந்தால் அமுங்க இன்னும் இடம் கிடைக்கும், பண்ணைப் பக்கப் பள்ளங்களில் போர்க் முழுதும் அமுங்கி அடிதட்டுவது குறையும். அதைத்தான் பலர் 'கடினமாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, நீங்கள் ஏறி இருங்கள். இன்னொருவர் சீலுக்கும் (குழாய் உள்ளே போகும் இடத்து ரப்பர் வளையம்) மேலே குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்புக்கும் இடையில் தெரியும் குழாயை ரூலரால் அளக்கட்டும். பிறகு 10 கிலோ அரிசிப் பையைப் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்து, எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அளக்க முன் வண்டியை இரண்டு தரம் அமுக்கி விட வேண்டும். சீலின் உராய்வு அளவை ஏமாற்றும். இப்போது ப்ரீலோடை இறுக்கி, திரும்ப அதையே செய்யுங்கள். முன்பக்கம் உயர்ந்திருக்கும், ஆனால் அந்தப் பைக்கு இறங்கும் அளவு கிட்டத்தட்ட அதேதான்.

ஆள் இருக்கும்போது மொத்த ஓட்டத்தில் (போர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரம்) கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு இறங்கினால் போதும். 120 மில்லிமீற்றர் போர்க்கென்றால் 30 முதல் 40. அப்படி வைத்தும் பிரேக் பிடிக்கையில் மிகவும் குனிந்தால், அடுத்த விறைப்பு ஸ்பிரிங்கைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.