பத்து விரலும் ஒரு முத்திரையும்

போன வாரம் டாலஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். வேறொரு மாநிலத்தில் பத்து வருடம் பொறியாளர் உரிமம் வைத்திருந்தவன். வேலை மாறி டெக்சஸுக்கு வந்து, இங்கேயும் உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். குரல் கம்மியிருந்தது. "அண்ணே, கைரேகை கொடுக்கச் சொல்கிறார்கள். என் பேரில் யாராவது புகார் எழுதிப் போட்டிருப்பார்களோ?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. என் முறை வந்தபோது எனக்கும் வயிற்றில் அதே புளிதான் கரைந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் பி.இ. என்றால் பட்டம், இங்கே பி.இ. என்றால் உரிமம். படித்து முடித்து, ஒரு தேர்வு எழுதி, உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்து, இன்னொரு தேர்வும் எழுதிய பிறகு மாநில வாரியம் தருவது. அதற்குப் பிறகுதான் வரைபடத்தில், 'இதற்கு நான் பொறுப்பு' என்று முத்திரை குத்தலாம். டெக்சஸில் இதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வருடத்துக்கு 15 மணி நேரத் தொடர்கல்வி, அதில் ஒரு மணி நேரமாவது தொழில்நெறி பற்றியதாக இருக்க வேண்டும். இதிலெல்லாம் எனக்கு மறுப்பே இல்லை. 2013இல் இங்குள்ள சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2014 முதல் புதிதாக வருகிறவர்கள் மட்டுமல்ல, காலங்காலமாக உரிமம் வைத்திருந்தவர்களும் புதுப்பிக்கும்போது, குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பதற்காக ஒரு தடவை பத்து விரலையும் பதிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. கொடுத்தால் உரிமம் தொடரும், இல்லையென்றால் இல்லை.

நானும் போனேன். ஒரு வணிக வளாகத்தில், வருமான வரி எழுதித் தரும் கடைக்கும் நகம் அழகுபடுத்தும் கடைக்கும் நடுவில் ஒரு சிறிய அறை. மை எல்லாம் கிடையாது, கண்ணாடிப் பலகைதான். அதன் அடியில் பச்சை வெளிச்சம். அங்கே இருந்த அம்மாள் என் விரலைப் பிடித்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சப்பாத்தி உருட்டுவதுபோல் உருட்டினார். திரையில் சிவப்பு. மறுபடி உருட்டினார். மறுபடி சிவப்பு. "கையை இறுக்காதீர்கள். விரலை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, கை மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. பிறகு ஏதோ களிம்பைத் தடவித் துடைத்து, ஒருவழியாகப் பத்தையும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ரேகை தெளிவில்லை, மறுபடி வரவும் என்று தகவல். வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கிட்டத்தட்ட மொழுமொழுவென்று இருக்கின்றனவாம். இளவயதில் மதுரைப் பக்கம் பாலம் கட்டும் தளங்களில் கான்கிரீட்டை வெறுங்கையால் அள்ளிப் பதம் பார்த்த காலம் உண்டு. சிமெண்டின் சுண்ணாம்பு தோலைத் தின்னும். கொத்தனார் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதாவது, இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதாலேயே இந்தத் தொழிலுக்குத் தகுதியானவன்தானா என்று காட்ட முடியாமல் போய்விட்டது. (இரண்டு தடவையும் தேறாவிட்டால் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பெயரை வைத்துத் தேடிப் பார்க்கும். எனக்கு இரண்டாவது தடவையே தேறிவிட்டது.)

இங்கே அம்மாவைச் சொல்லாமல் போக முடியவில்லை. ரேஷன் கடைகளில் கைரேகை இயந்திரம் வந்த பிறகு ஊருக்குப் போயிருந்தபோது, அவரோடு வரிசையில் நின்றேன். அம்மா கட்டைவிரலை வைக்கிறார், இயந்திரம் மறுக்கிறது. முந்தானையில் துடைத்து வைக்கிறார், மறுக்கிறது. தலையில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி வைக்கிறார். ஆறாவது தடவை விழுந்தது. எழுபது வருடம் அடுப்பிலும் களத்திலும் தேய்ந்த விரல். வீட்டுக்கு வந்ததும், "அப்போது வேண்டாம் வேண்டாம் என்றார்கள், பிடுங்கினான். இப்போது தருகிறேன் என்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறது" என்றார்.

அந்த 'அப்போது' எது என்று எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டம். ஊர்வாயில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். சாதியைப் பார்த்து ஆண்களையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள்.

அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். சாதியைப் பார்த்துப் பிடுங்கியது அது. தொழில் செய்ய நானாகக் கேட்கும் உரிமத்துக்கு நிபந்தனையாக வைத்தது இது. வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் மழுங்கிவிடவில்லை. ஆனாலும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் என் கை எதற்கு விறைத்தது என்பதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

சரி, சட்டத்தின் நியாயத்தையும் பார்ப்போம். பொறியாளர் என்பவர் பள்ளிக்கூடத்துக்குள்ளும் குடிநீர் நிலையத்துக்குள்ளும் போகிறவர். பொதுப்பணத்தில் கட்டும் வேலைக்குச் சான்று தருகிறவர். லஞ்சத்திலோ மோசடியிலோ தண்டனை பெற்றவரா என்று வாரியம் அறிந்துகொள்ள நினைப்பதில் தப்பில்லை. பழைய தண்டனை இருந்தாலே கதவைச் சாத்திவிடுவதும் இல்லை; அந்தக் குற்றத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று இங்கே சட்டமே சொல்கிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு தடவை கொடுத்த ரேகை மாநிலக் காவல்துறையின் கணினியில் இருந்துகொண்டே இருக்கும். நாளைக்கு எதற்காகவாவது கைதானால் வாரியத்துக்குத் தானாகத் தகவல் போகும். தண்டனைக்குப் பிறகு அல்ல, கைதானதுமே. ஒரு தடவை கொடுத்தால் போதும் என்ற சலுகைக்குள் இருக்கும் சங்கதி இதுதான்.

இந்த உரிமமே எதற்காகப் பிறந்தது? இந்த மாநிலத்தில் அதற்கு ஒரு தேதி உண்டு: 1937 மார்ச் 18. கிழக்கு டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில் இருந்த பணக்காரப் பள்ளிதான். ஆனாலும் மாதாமாதம் எரிவாயுக் கட்டணம் மிச்சமாகுமே என்று, எண்ணெய் நிறுவனத்தின் கழிவு வாயுக் குழாயில் இணைப்புப் போட்டுக்கொண்டார்கள். வாசனையே இல்லாத வாயு தரைக்கு அடியில் கசிந்து நிரம்பியது. பள்ளி விடும் நேரம், பட்டறையில் மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் இயந்திரம் ஒன்றின் சுவிட்சைப் போட்டார்கள். சுமார் 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப்போனார்கள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற சட்டமும், பொறியாளர் பதிவுச் சட்டமும் அந்த ஆண்டே வந்தன. அந்தக் குழாயை இணைத்தவர்களின் ரேகையை எடுத்து எந்தப் பதிவேட்டில் தேடியிருந்தாலும் அந்தக் கசிவு தெரிந்திருக்காது.

1981இல் கேன்சஸ் சிட்டி ஹயாத் ரீஜென்ஸி ஓட்டலில் நடந்ததும் அப்படித்தான். என் தொழிலில் இதைப் படிக்காதவர் இருக்க முடியாது. முகப்புக் கூடத்துக்கு மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தொங்கு நடைபாலங்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்குவதாகத்தான் முதல் வடிவமைப்பு. அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டுவது தொல்லை என்று அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் இப்போது கூரையில் அல்ல, மேல்பாலத்தில் தொங்கியது. மேல்பாலத்து உத்தரத்தின் அடியில் இருந்த நட்டுக்குப் பாரம் இரட்டித்தது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளர் முத்திரை விழுந்தது. யாரும் திரும்பக் கணக்குப் போடவில்லை. ஜூலை 17ஆம் தேதி மாலை நடன விருந்தின்போது இரண்டும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பொறியாளர்களின் உரிமம் பறிபோனது. குற்ற வழக்கில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதாவது அந்தத் துயரத்துக்குப் பிறகும்கூட, ரேகைச் சோதனையில் அவர்கள் சுத்தமாகத்தான் தேறியிருப்பார்கள்.

முத்திரையில் இருக்கிறது ஆபத்து. வாரியங்கள் வெளியிடும் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியல்களை நான் பொழுதுபோக்காகவே படிப்பேன் (வீட்டில் திட்டு விழும்). திரும்பத் திரும்ப வரும் கதைகள் இரண்டு மூன்றுதான்: தான் மேற்பார்வை பார்க்காத வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு முத்திரை போட்டவர், உரிமம் காலாவதியான பிறகும் போட்டவர், அடுத்தவர் முத்திரையைத் தூக்கி ஒட்டிக்கொண்டவர். அந்தக் காலத்தில் முத்திரை என்பது மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கும் இரும்புச் சாமான். இப்போது அது ஒரு படம்; கணினியில் யாரும் நகலெடுத்து ஒட்டலாம். என் அலுவலகத்துக்கே ஒருமுறை, எங்கள் ஆள் ஒருவரின் முத்திரையோடு, அவர் கண்ணால் பார்க்காத வரைபடம் ஒன்று சரிபார்க்க வந்திருக்கிறது. முத்திரை எழுத்தெல்லாம் சரி, கையெழுத்தும் அவருடையதே. அவர் மட்டும் அந்த வேலையில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கைரேகையை ஆங்கிலேய அரசாங்கக் காகிதத்தில் முதலில் வாங்கியது குற்றவாளியிடம் அல்ல. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஓர் ஒப்பந்தத்தின் பின்புறம் முழுக் கையையும் மையில் தோய்த்துப் பதிய வைத்தார். கோனாய் யார் தெரியுமா? சாலை போடச் சுக்கான்கல் வழங்கும் ஒப்பந்தக்காரர். எங்கள் தொழில்காரர்! நாளைக்கு 'இது என் கையெழுத்து இல்லை' என்று அவர் பின்வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் ஹெர்ஷலின் கவலை. அடுத்த நாற்பது வருடத்தில் கல்கத்தாவில் குற்றவாளிகளுக்கான ரேகைக் காப்பகம் திறந்தாகிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் ஊர்.

கோனாயிடம் கேட்டது 'இந்த வேலைக்கு நீதானே பொறுப்பு' என்ற கேள்வி. எங்கள் ஊரில் கேட்டது 'நீ எப்படிப்பட்டவன்' என்ற கேள்வி. உரிம வாரியம் என்னிடம் இரண்டாவதைத்தான் கேட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவைக்கிறது. முதலாவதைக் கேட்டால் நான் சந்தோஷமாகப் பத்து விரலையும் நீட்டுவேன். ஒவ்வொரு தடவை வரைபடத்தில் முத்திரை விழும்போதும் என் விரல் அங்கே பதியட்டும். இன்று கைப்பேசியைத் திறக்கக்கூட விரலை வைக்கிறோம். ஒரு பாலத்துக்குச் சான்று தருவதற்கு வேண்டியதில்லையாம்.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. முந்தின நாள் பாத்திரம் தேய்க்காதே, இரவே கைக்குக் களிம்பு தடவிக்கொள், காலையில் முதல் ஆளாகப் போ, அந்த அம்மாள் விரலைப் பிடிக்கும்போது கையை விட்டுவிடு என்றேன். நேற்று மதியம் செய்தி அனுப்பியிருந்தான். ஒன்பது விரல் பச்சை, இடது மோதிர விரல் மட்டும் நான்கு தடவை சிவப்பாம். "நீங்கள் சொன்னதுபோல் விட்டுத்தான் பார்த்தேன் அண்ணே, கை கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறான்.