போர்க்காவின் கூடம்

'டிராமாடர்க்' என்ற வேலைக்குத் தமிழில் இன்னும் பெயர் அமையவில்லை. நாடகாசிரியர் என்று போட்டுவிடுகிறோம், அது பாதிதான் சரி. இந்த நாடகத்தை, இந்த ஊரில், இப்போது ஏன் போட வேண்டும் என்று இயக்குநரைக் குடைந்துகொண்டே இருக்கும் ஆள் அவர். செர்பியாவின் போர்க்கா பாவிச்சேவிச் அப்படி ஒருவர்.

1947இல் மாண்டினீக்ரோவின் கோட்டோர் ஊரில் பிறந்தவர். செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் அதெல்யே 212 அரங்கில் பத்தாண்டு, அதே ஊரின் பிடெஃப் நாடக விழாவில் இருபதாண்டு. பெல்கிரேட் நாடக அரங்கின் கலை இயக்குநராக இருந்தவரை 1993இல் வெளியே அனுப்பினார்கள். யூகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட போரையும், செர்பிய அதிபர் மிலோசெவிச்சின் ஆட்சியையும் வெளிப்படையாக எதிர்த்ததுதான் குற்றம்.

இதுவரை பல நாட்டுக் கலைஞர்களுக்கும் நடந்த கதைதான். எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. பெல்கிரேடின் பிர்ச்சானினோவா தெரு 21ஆம் எண்ணில், வெல்கோவிச் குடும்பம் தங்கள் கலைச் சேகரிப்புக்காகக் கட்டிய பழைய மண்டபம் ஒன்று இருந்தது. அதில் 1995 ஜனவரி 1 அன்று ஒரு மையத்தைத் திறந்தார். பெயர், 'பண்பாட்டு நச்சுநீக்க மையம்'. ரசாயனம் கசிந்த இடத்தைக் கழுவிவிடும்போது சொல்வார்களே, அந்தச் சொல். பத்திரிகை, தொலைக்காட்சி, மேடை எல்லாவற்றிலும் இனவெறி கசிந்துகிடக்கிறது, கழுவாமல் இங்கே யாரும் குடியிருக்க முடியாது என்று அர்த்தம். அன்றைக்கு போஸ்னியத் தலைநகர் சரயேவோ இன்னும் செர்பியப் படைகளின் முற்றுகையில் இருந்தது.

சின்ன நாடகக் குழுவோடு ஒத்திகைக்கு இடம் தேடி அலைந்தவன் நான். மொட்டைமாடி, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் என்று எல்லா இடத்திலும் "எப்பப்பா முடிப்பீங்க?" என்ற குரல் கேட்கும். அதனால் சொல்கிறேன்: நல்ல நாடகம் எழுதுவதைவிட, மற்றவர்கள் பேச ஒரு கூடத்தை வருடக்கணக்கில் திறந்து வைத்திருப்பது கஷ்டம். கைதட்டலும் கிடைக்காது. போர்க்காவின் நாடக வாழ்க்கையிலேயே பெரிய படைப்பு அந்தக் கூடம்தான் என்பேன். நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

1997இல் அங்கே கொசோவோ அல்பேனியக் கலைஞர்களின் கண்காட்சி நடந்தது. கொசோவோ அப்போது செர்பியாவின் ஒரு மாகாணம், அங்கே பெரும்பான்மையினர் அல்பேனியர்கள். அதன் தலைநகர் பிரிஷ்டினாவில் அரசு நிறுவனங்களிலிருந்து அல்பேனியர்கள் துரத்தப்பட்டிருந்த காலம். அவர்கள் படைப்புகள் பெல்கிரேட் நடுவிலேயே வந்து நின்றன. அடுத்த வருடம் கொசோவோவில் போர்.

2017இல், செர்பியர், குரோவாசியர், போஸ்னியர், மாண்டினீக்ரோக்காரர் பேசுவது ஒரே பொதுமொழிதான் என்ற அறிக்கையிலும் அவர் கையெழுத்து உண்டு. ரொட்டிக்கு ஒருவர் 'ஹ்லெப்' என்பார், இன்னொருவர் 'க்ரூஹ்' என்பார். அதை வைத்தே நீ வேறு, நான் வேறு என்று கோடு கிழித்துவிட்டார்கள்.

2019 ஜூன் 30 அன்று போர்க்கா இறந்தார். கூடம் அதன் பிறகும் அதே முகவரியில் நடந்தது.