வெள்ளைக் கையுறை அணிந்த அயர்லாந்துக்காரர்

நியூசிலாந்தில் பிறந்த பண்டி அக்கியும் ஜேம்ஸ் லோவும் அயர்லாந்து ரக்பி அணிக்கு ஆடுவதைப் பார்த்து, "வெளியாட்களை வைத்து வெல்வதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடியிருந்த காலத்தைக் கணக்கிட்டு ஒரு நாட்டின் சட்டையைத் தருவது இந்தத் தலைமுறையின் கோளாறு என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் பேசில் மெக்லியரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெக்லியர் 1881இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் பிறந்து, பெட்ஃபோர்டில் படித்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானவர். இங்கிலாந்தின் தேர்வாளர்கள் அவரைச் சீந்தவில்லை. பணி நிமித்தம் கார்க் பகுதிக்கு வந்தவரை அயர்லாந்து சேர்த்துக்கொண்டது. 1905 பிப்ரவரியில், கார்க் நகரில், அவருடைய முதல் சர்வதேச ஆட்டமே இங்கிலாந்துக்கு எதிராகத்தான் அமைந்தது. அதில் அவரும் ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் பெறும் புள்ளிகள்) எடுக்க, அயர்லாந்து 17-3 என்று வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார், இரண்டிலும் இங்கிலாந்து தோற்றது. (வேண்டாம் என்றவர்கள் அந்த மூன்று பிற்பகல்களை எப்படிக் கழித்தார்களோ!)

ஆனால் அவரை நினைவில் நிறுத்தியது ஒரு தோல்வி. 1906 நவம்பரில், பெல்ஃபாஸ்ட்டில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தம் பக்கத்து 25 கெஜக் கோட்டுக்கு அருகே பந்தைப் பெற்றவர், வழிமறித்தவர்களை ஒருவர்பின் ஒருவராக உள்ளங்கையால் தள்ளிவிட்டு ஏறத்தாழ மைதானம் முழுவதையும் கடந்து ஓடி, எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பதித்தார். மெல்லிய வெள்ளைத் தோல் கையுறை அணிந்து ஆடுவது அவர் வழக்கம். சேற்றில் புரளும் ஆட்டத்தில், எதிராளியின் மார்பில் வந்து மோதும் அந்த வெள்ளைக் கையை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் 15-12 என்று தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, ஓட்டம் மட்டும் அயர்லாந்திடம் தங்கிவிட்டது. அன்று அரங்கிலிருந்தவர்கள் போர்ட்ஸ்மத்தை நினைத்தா கைதட்டியிருப்பார்கள்?

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கையுறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குறை. முதல் உலகப் போரில், 1915 மே 24 அதிகாலையில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே மவுஸ்ட்ராப் பண்ணையில், ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டுத் தாக்கினார்கள். காலையில் 666 பேராக இருந்த டப்ளின் ஃபியூசிலியர்ஸின் இரண்டாம் பட்டாலியனில் இரவில் எஞ்சியவர்கள் 21 பேர். கேப்டன் மெக்லியர் அவர்களில் இல்லை. பிரிட்டிஷ் சீருடையில் மாண்டவர்களைப் பற்றிப் பேச விடுதலை பெற்ற அயர்லாந்து பல பத்தாண்டுகள் தயங்கியது. அந்தத் தயக்கம் அந்நாட்டுக்காகப் பதினொரு முறை ஆடிய இவரையும் மூடிவிட்டது. அவருக்குக் கல்லறை கிடையாது. கல்லறை தெரியாத வீரர்களுக்கான நினைவுச்சின்னமான ஈப்பரின் மெனின் வாயிலில், டப்ளின் ஃபியூசிலியர்ஸ் பெயர்வரிசையில் அவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.